ஆபரேஷன் 2 மணி நேரம்... எழுந்து நடக்க 3 மாதம்!

அடிபட்ட நாயின் உயிரை டாக்டர் காப்பாற்றிக் கொடுத்துவிடுவார். அதை மறுபடி நடக்க வைக்கும் வேலை வீட்டில்தான் நடக்கிறது!

2016 ஜூலை. சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பக்கம் ஒரு மொட்டை மாடி. பெண் நாய்க்குட்டி ஒன்றைக் கையில் பிடித்திருந்த இளைஞர், கேமராவைப் பார்த்தபடியே அதைக் கீழே வீசினார். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் கிளம்பி நாடு முழுக்கச் சுற்றியது. வீசியவரும் படம் பிடித்தவரும் மருத்துவ மாணவர்கள் என்று தெரியவந்ததும் கொதிப்பு இரண்டு மடங்கானது. இருவரும் கைதாகி, ஜாமீனில் வெளியே வந்தார்கள்.

குட்டி செத்திருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தேடிப்போன விலங்கு ஆர்வலர்களின் கண்ணில் அது உயிரோடு பட்டது. பின்னங்கால் எலும்பு முறிந்திருந்தது, முதுகிலும் அடி. அந்தக் காலோடுதான் அத்தனை நாளும் வலியைத் தின்றுகொண்டு கிடந்திருக்கிறது. 'பத்ரா' என்று பெயர் வைத்துச் சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்ரா தேறியது, அதற்கு ஒரு வீடும் கிடைத்தது.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன்படி முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் வெறும் 50 ரூபாய் என்ற விஷயம் அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கோரிக்கைகள் கிளம்பின. வழக்கு, தண்டனை, அபராதம் என்று விவாதம் நீண்டது. மாடியிலிருந்து விழுந்து, கால் முறிந்து, முதுகில் அடிபட்ட நாய் எப்படி மறுபடி எழுந்து நடக்கிறது என்ற பக்கத்தை யாரும் அவ்வளவாகப் புரட்டவில்லை.

நாய் வளர்க்கும் வீடுகளுக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம். வண்டி மோதும். தீபாவளி வெடிக்குப் பயந்து கேட்டைத் தாண்டி ஓடும். சோபாவிலிருந்து குதித்த பொமரேனியன் காலைத் தூக்கிக்கொண்டு அழும். வாசலில் சும்மா படுத்திருந்த நாயைத் தெருநாய்கள் கூட்டமாக வந்து குதறிவிட்டுப் போகும். அன்றைக்கு டாக்டர் இரண்டு மணி நேரத்தில் தன் வேலையை முடித்துவிடுவார். அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று மாதங்கள் வீட்டுக்காரர்களின் கையில்.

ரத்தம் வரலைன்னா அடி இல்லையா?

வண்டி இடித்த நாய் பல சமயம் சட்டென்று எழுந்து நாலடி ஓடும். பார்ப்பவர்கள், "ஒண்ணும் ஆகலைப்பா, ஓடிருச்சு பாரு" என்பார்கள். அங்கேதான் முதல் ஏமாற்றம். தோலில் கீறல்கூட இல்லாமல் உள்ளே நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டிருக்கலாம். சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து, குடலும் ஈரலும் மார்புக்குள் ஏறிப் போயிருக்கலாம். இந்தக் கடைசி வகைக் காயம், விபத்து நடந்து வாரக்கணக்கில் கழித்து, 'நாய்க்கு இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது' என்று எக்ஸ்ரே எடுக்கும்போது வெளிப்படுவதும் உண்டு.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஓர் இடத்தை அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளுத்தே இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது அல்லது உடல் அதிர்ச்சிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது.

தூக்குவதிலும் முறை இருக்கிறது. முதுகில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் குழந்தையை அள்ளுவதுபோல் அள்ளக் கூடாது. பலகை கிடைத்தால் பலகை, இல்லாவிட்டால் நாலு மூலையும் இழுத்துப் பிடித்த கெட்டியான போர்வை. அதன்மேல் உடல் வளையாமல் நகர்த்திக் கிடத்த வேண்டும். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும், வளர்த்தவரையே கடிக்கும். அதற்காகத் துண்டால் வாயைக் கட்டலாம். ஆனால் வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற நாய்க்கும் பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது.

செய்யக் கூடாத இன்னொன்றும் உண்டு. வலியில் துடிக்கிறதே என்று வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். நமக்குச் சர்வசாதாரணமான ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக்கும் ஆபத்துதான். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைக் காலி செய்யும். காயத்தில் மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் ஊற்றுவதும் புழு சாகும் என்ற நம்பிக்கையில் இன்னும் நடக்கிறது. புழுவோடு சேர்ந்து நல்ல சதையும் வெந்துபோவதுதான் அதில் மிச்சம்.

எலும்பு காத்திருக்கும்... மூச்சு காத்திருக்காது!

கால் தொங்கிக்கொண்டிருக்கும் நாயை மேஜையில் கிடத்தியதும் டாக்டர் முதலில் காலைத் தொடுவதில்லை. ஸ்டெதஸ்கோப் மார்புக்குப் போகும். டிரிப்ஸ் ஏறும், வலி மருந்து போடுவார்கள், தேவைப்பட்டால் ஆக்சிஜன். "என்ன சார், காலைப் பார்க்கவே மாட்டேங்கிறீங்க?" என்று வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். எலும்பு ஒன்றிரண்டு நாள் காத்திருக்கும். ரத்த ஓட்டமும் மூச்சும் நிலைப்பட்ட பிறகு மயக்கம் கொடுத்தால்தான் நாய் மேஜையை விட்டு உயிரோடு இறங்கும்.

எல்லா முறிவுக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. முழங்கைக்கோ முழங்காலுக்கோ கீழே, அதிகம் விலகாமல், இளம் நாய்க்கு வந்த முறிவென்றால் கட்டே போதலாம். தொடை எலும்புக்குக் கட்டுப் போட்டுப் பயனில்லை. முறிவுக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் இரண்டு மூட்டுகளையும் அசையாமல் நிறுத்தினால்தான் எலும்பு கூடும். இடுப்பு மூட்டைக் கட்டு போட்டு நிறுத்த முடியாது. அங்கே உள்ளே ராடு அல்லது பிளேட்தான் வழி. பொமரேனியன் போன்ற குட்டி நாய்களின் முன்னங்கால் முறிவு இன்னொரு தலைவலி. எலும்பு பென்சில் பருமன்தான், மணிக்கட்டுப் பக்கம் ரத்த ஓட்டமும் குறைவு. வெறும் கட்டை நம்பினால் எலும்பு கூடாமலே போய்விடுவது சகஜம்.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக் கட்டுக்கு நாயைத் தூக்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்று பாதம் அழுகும். முறிந்த காலைச் சரிசெய்யப் போய், காலையே எடுக்கும்படி ஆகிவிடும். கட்டு எங்கே போட்டாலும் சரி, நடு விரல்கள் இரண்டும் வெளியே தெரிகிற மாதிரி இருந்தால் தினமும் பார்க்கலாம். விரல் வீங்கினாலோ, சில்லிட்டாலோ, கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ அன்றைக்கே அவிழ்க்க வேண்டும்.

தோலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பூட்டி உள்ளே எலும்பைப் பிடித்துவைக்கும் முறையின் கதை சுவாரஸ்யமானது. 1930-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓட்டோ ஸ்டேடர் என்ற கால்நடை மருத்துவர், மாவுக்கட்டைக் கடித்துப் பிய்த்துவிடும் நாய்களோடு மல்லுக்கட்டி, அப்படிப்பட்ட சட்டம் ஒன்றை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை, கால் முறிந்த தன் வீரர்களுக்கே அதைப் பூட்டியது. நாய்க்குச் செய்த வைத்தியம் மனிதனுக்கு உதவிய கதைகளில் அதுவும் ஒன்று.

ரத்தம் நிறையப் போயிருந்தால்? நாய்களுக்கும் ரத்த வகை உண்டு. மருத்துவர்கள் முதலில் பார்ப்பது 'டி.இ.ஏ. 1' வகையை. மனிதர்களைப் போல் பிறர் வகைக்கு எதிரான பலமான எதிர்ப்பொருள்கள் நாயின் உடலில் பிறவியிலேயே இருப்பதில்லை. அதனால் அவசரத்தில் முதல் முறை ஏற்றும் ரத்தம் பெரும்பாலும் சிக்கல் தராது. இரண்டாம் முறை பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கான ரத்த வங்கி இருக்கிறது. 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள, தடுப்பூசிகள் சரியாகப் போட்ட, ஆரோக்கியமான நடுவயது நாய் ரத்தம் கொடுக்கலாம். லாப்ரடார் வளர்ப்பவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

மயக்க மருந்திலும் ஜாதி பார்க்க வேண்டியிருக்கிறது! சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒட்டிய வயிற்று வேட்டை நாய்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டோன் போன்ற மருந்து இந்த வகை நாய்களின் உடலை விட்டு இறங்க நேரமாகும். "எங்க நாய் சிப்பிப்பாறை" என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் வேறு மருந்துக்குப் போய்விடுவார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 2022 அக்டோபரில் காஷ்மீரின் அனந்தநாக் மாவட்டத்தில், தீவிரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டுக்குள் அனுப்பப்பட்ட ராணுவ நாய் ஜூம் மீது இரண்டு குண்டுகள் பாய்ந்தன. அந்த நிலையிலும் அது பின்வாங்கவில்லை. ஸ்ரீநகர் ராணுவக் கால்நடை மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது, முறிந்த காலுக்குக் கட்டுப் போட்டார்கள். தேறி வருகிறது என்ற நம்பிக்கை பிறந்திருந்த நேரத்தில், அக்டோபர் 13-ம் தேதி நண்பகலில் திடீரென்று மூச்சுத் திணறி ஜூம் இறந்துபோனது. பலத்த காயத்தில் முதல் சில நாட்கள் எப்போதுமே கத்தி முனைதான்.

வீடுதான் இனி வார்டு!

டிஸ்சார்ஜ் ஆகி வரும் முதல் ராத்திரி, வீட்டில் ஒருவரும் தூங்க முடியாது. நாய் முனகும், எழப் பார்க்கும், விழும், சூன்யத்தைப் பார்த்துக் குரைக்கும். பாதி மயக்க மருந்தின் குழப்பம், பாதி வலி. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு மதிப்பெண் அட்டை தயாரித்திருக்கிறது. முனகல், காயத்தைத் திரும்பிப் பார்த்தல், எழுந்து நடக்கும் விதம், காயத்தைச் சுற்றி லேசாக அழுத்தினால் என்ன செய்கிறது, முகம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் 24. ஆறைத் தொட்டால் வலி மருந்து தேவை என்று அர்த்தம். வீட்டில் அட்டை வேண்டாம், கண் போதும். காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கி, வெயிலே இல்லாத அறையில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குகிறதா? படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவிக்கிறதா? டாக்டருக்கு போன் போடுங்கள். நாய் வலியை மறைக்கும் பிராணி. அழவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வலி மருந்து தந்த மயக்கத்தில் மூன்று நாள் மலம் கழிக்காமல் இருக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகாவிட்டால் பயப்பட வேண்டும்.

கழுத்தில் மாட்டும் 'கோன்', வீட்டில் எல்லோருக்கும் பிடிக்காத பொருள். "பாவம், தண்ணி குடிக்க முடியலை" என்று அம்மா கழற்றிவிடுவார். பத்தே நிமிடத்தில் தையல் முழுக்க நாயின் வாயில் இருக்கும். நாய் நக்கினால் புண் ஆறும் என்பது ஊர் நம்பிக்கை. ஆபரேஷன் காயத்தை நக்கினால் தையல் பிரியும், வாயிலிருக்கும் கிருமி உள்ளே போகும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிக்கும்வரை கோன் கழுத்திலேயே இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல் மேல் வைத்துக் கொஞ்சம் உயர்த்தினால் கோனோடேயே குடித்துவிடும்.

அடுத்த வில்லன், வழவழ டைல்ஸ் தரை. மூன்று காலில் தடுமாறும் நாய்க்கு டைல்ஸ் மேல் ஒரு சறுக்கல் போதும், பிளேட் போட்ட எலும்பு மறுபடி முறிய. அது நடமாடும் பாதையில் மட்டும் கோணியோ கயிற்று மிதியடியோ பழைய யோகா மேட்டோ விரித்துவிடலாம். பாதத்துக்கு அடியில் வளர்ந்த முடியைக் கத்தரித்துவிட்டால் பிடிமானம் கூடும். வெளியே கூட்டிப்போகும்போது ஒரு குளியல் துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால், பின்பாரத்தில் பாதியை நாமே தாங்கிக்கொள்ளலாம். காசு செலவில்லாத சாதனம், இதைப் போல் பயன்படுவது வேறில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். எலும்பு முறிந்தால் ஆட்டுக்கால் சூப் என்பது நமக்கு ஊறிப்போன கணக்கு. நாய்க்குச் சூப்பால் எலும்பு கூடாது. புரதமும் போதுமான சக்தியும்தான் கூட்டும். வேகவைத்த முட்டை, கோழிக்கறி, சோறு, டாக்டர் சொன்ன உணவு போதும். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ரத்தம் இழந்த நாய்க்கு அது இரட்டை அடி. வேகவைத்த எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

குட்டி நாய்களில் இன்னொரு வகை உண்டு. விபத்தே நடந்திருக்காது, ஒரு படி இறங்கியிருக்கும், கால் மடங்கிப் போயிருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு கண்ணாடிபோல் வெளிறித் தெரியும். காரணம், 'நல்லாக் கறி போட்டு வளர்க்கிறோம்' என்ற பெருமை! வெறும் கறியும் சோறும் மட்டுமே சாப்பிடும் குட்டிக்குக் கால்சியம் போதாது. உடல், எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்கு அனுப்பும். அங்கே பிளேட்டுக்கு வேலையில்லை, உணவை மாற்றினாலே எலும்பு தேறும். அதற்காக மாத்திரையை அள்ளிக் கொடுப்பதும் தப்பு. பெரிய ஜாதிக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும்.

மூன்றாவது வாரம்... ஜாக்கிரதை!

முதல் வாரம் நாயே படுத்துக் கிடக்கும், பிரச்னை இல்லை. மூன்றாவது வாரம்தான் கண்டம். தையல் பிரித்தாகிவிட்டது, வலி குறைந்துவிட்டது. வால் ஆடுகிறது, காலை ஊன்றப் பார்க்கிறது, காலிங் பெல் அடித்தால் வாசலுக்குப் பாய்கிறது. 'குணமாயிடுச்சு' என்று வீடே கொண்டாடும்.

உள்ளே எலும்பு முறிந்த இடத்தில் அப்போதுதான் இளம் எலும்பு கட்டத் தொடங்கியிருக்கும். காலின் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டிருப்பது பிளேட் என்ற அந்த உலோகத் துண்டு. எலும்பு மருத்துவர்கள் இதை ஒரு பந்தயம் என்பார்கள். எலும்பு முதலில் கூடுகிறதா, திரும்பத் திரும்ப வளைந்து களைத்துப் போய் பிளேட் முதலில் முறிகிறதா? நாய் ஓடும் ஒவ்வோர் ஓட்டமும், சோபாவில் ஏறும் ஒவ்வோர் ஏற்றமும் பிளேட்டைத் தோற்கடிக்கும் பக்கம் சேரும். மறு ஆபரேஷன் முதல் ஆபரேஷனைவிடச் சிக்கலானது, செலவும் அதிகம்.

அதனால்தான் 'கூண்டு ஓய்வு' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு இடம் போதும். மலம், சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே. மாடிப்படி, கட்டில், சோபா, மற்ற நாய்களோடு விளையாட்டு எல்லாம் தடை. மூன்று நான்கு மாதக் குட்டிக்கு எலும்பு ஒரு மாதத்தில்கூடக் கூடிவிடும். வளர்ந்த நாய்க்கு 8 முதல் 12 வாரம், வயதானதற்கு இன்னும் அதிகம். ஆறு முதல் எட்டு வாரத்தில் எடுக்கும் எக்ஸ்ரேதான் தீர்ப்பு. பலர் அந்த எக்ஸ்ரேவைத்தான் தவிர்க்கிறார்கள். "நல்லா நடக்குது சார், எதுக்கு?" என்பதுதான் பதில்.

'பாவம், அடைச்சு வைக்கிறோமே' என்ற மனஉறுத்தல் வரும். மூளைக்கு வேலை கொடுத்துவிட்டால் பாதிச் சேட்டை அடங்கிவிடும். தீனியைப் பழைய துணியில் சுருட்டி மோந்து கண்டுபிடிக்க விடுங்கள். கூண்டை எல்லோரும் உட்காரும் ஹாலிலேயே வையுங்கள், தனியறை வேண்டாம்.

ஓய்வு என்றால் காலைக் கல்லாக்கிவிடுவது என்று பொருள் இல்லை. டாக்டர் சொன்ன நாளிலிருந்து நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மூட்டை மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சி தொடங்கும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், வீக்கம் வடிந்த பிறகு வெந்நீர் ஒத்தடம். பிறகு கயிற்றில் பிடித்து ஐந்து நிமிட மெதுநடை. மெதுவாக நடந்தால்தான் நாய் அடிபட்ட காலை ஊன்றும். வேகம் கூடினால் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தாவிவிடும். பெருநகரங்களின் சில மருத்துவமனைகளில் தண்ணீருக்கு அடியில் ஓடும் டிரெட்மில் வந்திருக்கிறது. தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்ள, மூட்டுக்கு நோகாமல் தசை மட்டும் வேலை செய்யும். சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க டெய்லர் டேப்பே போதும். இரண்டு தொடையையும் ஒரே இடத்தில் அளந்து எழுதி வைத்துக்கொண்டால், சூம்பிய தொடை தேறுகிறதா என்பது வாரா வாரம் தெரிந்துவிடும்.

முதுகுத்தண்டு: ஒரு கிள்ளலில் தெரியும் எதிர்காலம்

டாஷ்ஹண்ட், பீகிள் வளர்ப்பவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிடக் கூடாது. இந்த ஜாதிகளில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு சிறுவயதிலேயே இறுகிப்போகும். ஒரு நாள் சோபாவிலிருந்து குதிக்கும்போது அது பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கும். காலையில் ஓடிய நாய் மாலையில் பின்பாதியை இழுத்துக்கொண்டு வரும்.

அப்போது டாக்டர் ஒரு சோதனை செய்வார். பின்னங்கால் விரலைக் கிடுக்கியால் அழுத்துவார். நாய் காலை வெடுக்கென்று இழுக்கும். வீட்டுக்காரர்கள் முகம் மலரும். டாக்டர் காலைப் பார்க்கவே மாட்டார், நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கால் இழுப்பது தண்டுவடத்தின் அனிச்சை, மூளைக்குச் செய்தி போகாமலே நடக்கும். நாய் திரும்பிப் பார்த்து அழுதாலோ கடிக்க வந்தாலோதான் வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வட்டு பிதுங்கிய நாய்களில் அந்த ஆழ்ந்த உணர்வு மிச்சம் இருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு பத்தில் ஒன்பது மறுபடி நடக்கும். உணர்வு போய்விட்டால் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. வண்டி மோதி முதுகெலும்பே விலகி, உணர்வும் போயிருந்தால் நடக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அங்கே கருணைக்கொலையா, சக்கர வண்டியா என்ற பேச்சு வரும். டாக்டர் வெளிப்படையாகப் பேசும் அந்த நேரத்தில் வீட்டார் எல்லோரும் கூட இருப்பது நல்லது.

சக்கர வண்டி என்றால் பெரிய விஷயம் இல்லை. பி.வி.சி. குழாயில் உள்ளூரிலேயே செய்து தருகிறார்கள். ஆனால் வண்டி வாங்குவதற்கு முன், அன்றாட வேலை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். பல நாய்களுக்குச் சிறுநீர்ப்பையை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கையால் அழுத்திக் காலி செய்ய வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது சுலபம் இல்லை.

தண்டுவடச் சிகிச்சையின் வரலாற்றில் ஜாஸ்பர் என்ற டாஷ்ஹண்டுக்கு ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தண்டுவடக் காயத்தால் பின்னங்கால்கள் செயலிழந்து ஒரு வருடத்துக்கு மேலான 34 வளர்ப்பு நாய்களை ஆய்வுக்கு எடுத்தார்கள். மூக்கில் மோப்ப நரம்புகளைச் சூழ்ந்திருக்கும் ஒருவகைச் செல்களை அதே நாயிடமிருந்தே எடுத்து வளர்த்து, தண்டுவடக் காயத்தில் செலுத்தினார்கள். ஒரு பகுதி நாய்களுக்கு வெறும் திரவம் மட்டும். செல் பெற்ற நாய்களில் பல, டிரெட்மில்லில் பின்னங்காலை முன்னங்காலோடு இணைத்து வைக்கத் தொடங்கின. ஜாஸ்பரும் அவற்றில் ஒன்று. 2012-ல் 'பிரெய்ன்' இதழில் முடிவுகள் வெளியாயின. மூளைக்கும் பின்பகுதிக்குமான நீண்ட இணைப்பு முழுதாகத் திரும்பவில்லை, சிறுநீர்க் கட்டுப்பாடும் பெரிதாகத் திரும்பவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. 2014-ல் போலந்தில், கத்திக்குத்தில் தண்டுவடம் அறுபட்ட ஒருவருக்கு இதே வகைச் செல்களை வைத்துச் செய்த சிகிச்சை உலகச் செய்தியானது.

மூன்று கால் போதும்!

'காலை எடுக்கணும்' என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் அழுகை கிளம்பும். "கால் இல்லாம எப்படி சார் வாழும்? ஊர் என்ன சொல்லும்?" இந்தக் கேள்வி மனிதனுக்கு உரியது, நாய்க்கு அந்த வெட்கம் கிடையாது. வண்டி மோதி முன்னங்கால் நரம்புக் கற்றை வேரோடு பிடுங்கப்பட்ட நாய், உணர்வே இல்லாத பாதத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும். அந்தக் காலை எடுத்துவிட்டால் பெரும்பாலான நாய்கள் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் மூன்று காலில் ஓடப் பழகிவிடும். உடல் எடையில் சுமார் 60 சதவிகிதம் முன்னங்கால்களில் இருப்பதால், முன்னங்கால் போனால் பழகக் கொஞ்சம் கூடுதல் நாளாகும். எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது மட்டும் ஆயுளுக்கும் கட்டாயம்.

நம்ப முடியாதவர்களுக்கு லூக்கா. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் வெடிகுண்டு மோப்பம் பிடித்த நாய். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் 400-க்கும் மேற்பட்ட பணிகளில் முன்னால் நடந்தது. 2012 மார்ச்சில் ஆப்கானிஸ்தானில் ஒரு குண்டைக் கண்டுபிடித்த பிறகு, இன்னொன்று வெடித்து இடது முன்னங்காலை இழந்தது. மார்பிலும் தீக்காயம். பத்து நாளில் எழுந்து நடந்துவிட்டது. 2016 ஏப்ரலில் லண்டனில், வீரச் செயல் புரிந்த விலங்குகளுக்கான 'டிக்கின் பதக்கம்' வாங்க வந்தபோதும் மூன்று காலில்தான் வந்தது.

பணம் எங்கே... டாக்டர் எங்கே?

தனியார் மருத்துவமனையில் எலும்பு ஆபரேஷன் பல ஆயிரங்களில் தொடங்கி, முதுகுத்தண்டு என்றால் ஸ்கேன், மருந்து, தங்கும் செலவு எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தொடலாம். இந்தியாவில் நாய்க் காப்பீடு விற்கிறது, வாங்கியிருப்பவர்கள்தான் குறைவு. நடுத்தரக் குடும்பங்களுக்கு இன்றைக்கும் பெரிய தெம்பு, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1903-ல் டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி அது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. தெருநாய் அடிபட்டுக் கிடந்தால் சென்னையில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ப்ளூ கிராஸ். 1959-ல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் தி.நகர் வீட்டுக்குத் தூக்கி வந்ததில் கிளைத்த அமைப்பு அது.

கல்லூரி மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்தால் நிலைமை வேறு. ஊருக்கு ஊர் இருக்கும் கால்நடை மருந்தகங்கள் மாடு, ஆடு, கோழியை மனதில் வைத்து உருவானவை. அங்கே இருக்கும் ஒரு டாக்டர் கன்று ஈனும் பசுவையும் பார்க்க வேண்டும், கால் முறிந்த நாயையும் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே இல்லாத இடத்தில் எலும்பு ஆபரேஷனை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. மாவட்டத்துக்கு ஓரிடத்திலாவது எக்ஸ்ரே, மயக்க மருந்துக் கருவி, எலும்பு ஆபரேஷன் வசதி மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். வீடுகளில் நாய் வளர்ப்பது பெருகிவிட்ட காலத்தில் இது ஆடம்பரக் கோரிக்கை ஆகாது.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் வலை கட்டுங்கள். தெருவில் கயிறு இல்லாமல் கூட்டிப்போகாதீர்கள். தீபாவளி இரவில் நாயை உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிடுங்கள். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று இன்றைக்கே விசாரித்து, அதன் எண்ணை போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாதம் ஐந்நூறோ ஆயிரமோ நாயின் பெயரில் தனியாக எடுத்து வையுங்கள். அப்படியும் அடிபட்டு ஆபரேஷன் நடந்துவிட்டால், நாய் எவ்வளவு துள்ளினாலும், டாக்டர் எக்ஸ்ரே பார்த்து 'விடலாம்' என்று சொல்லும்வரை கயிற்றை அவிழ்க்காதீர்கள்!